"சூடான நாட்டுல எங்கண்ணே குளிரு"ன்னு கேட்டுட்டு மலை ஏறாதீங்க

இந்த வாரமும் ஒரு பையன் மலையில குளிரு அடிச்சு எங்க கிட்ட வந்தான். இனிமேலும் எழுதாம இருந்தா மனசு கேக்காது, அதான் நைட் ஷிஃப்ட் முடிஞ்ச கையோட உக்காந்து எழுதுறேன். நான் மலேசியாவுல, சுங்கை சிப்புட் பக்கம் ஆஸ்பத்திரி எமெர்ஜென்சில மெடிக்கல் அசிஸ்டன்ட்டா இருக்கேன், அந்தக் காலத்து தோட்டத்துல டிரெஸ்ஸர்னு சொல்லுவாங்களே, அந்த வேலை. இப்பல்லாம் நம்ம பசங்க டீம் டீமா மலை ஏறுறாங்க, நல்ல விஷயம்தான்லா, எனக்கு அதுல சந்தோஷம்தான். ஆனா போற விதம் இருக்கே, அதைப் பாத்தாதான் வயிறு எரியுது.

இவனும் கூட்டாளிங்களும் பகல்லயே போய்ட்டு வந்துடலாம்னு கிளம்பி, மழையில மாட்டி, ராத்திரி பூரா மேலயே ஈரத்தோட உக்காந்திருக்காங்க. காலையில அந்தப் பையனை எப்படியோ கைத்தாங்கலா இறக்கி, கார்ல போட்டு நேரா எங்க கிட்ட கொண்டு வந்தாங்க. ஈரச் சட்டை, ஈர ஜீன்ஸ் சிலுவாரு, கார்ல ஏர்கோன் வேற ஓடிட்டிருக்கு. உடம்பு பூரா கோடாரி தைலம் வாசம், வழியெல்லாம் கை காலைத் தேய்ச்சிருக்காங்க பாவம். காது தெர்மாமீட்டரை வச்சா நம்பரே வரல, "லோ"ன்னு காட்டுது. பேரு கேட்டா வாய் குழறுது, சட்டை பட்டனைக் கழட்டச் சொன்னா விரல் கேக்க மாட்டேங்குது. கூட்டாளிங்க என்ன சொல்றாங்க தெரியுமா, "டயர்டுண்ணே, தண்ணி பத்தல, ஒரு பாட்டில் டிரிப் ஏத்தினா சரியாயிடும்". குளிரு அடிச்சிருக்கும்டான்னா, "மலேசியாவுல எங்கண்ணே குளிரு?"

இதைக் கேட்டு கேட்டு எனக்கு அலுத்துப் போச்சு. அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன், பொறுத்துக்கோங்க.

100 மீட்டர் ஏறினா ஏறக்குறைய 0.6 டிகிரி குறையும். நம்ம பசங்க ஏறுற கோர்பு மலை 2183 மீட்டர், மலேசியத் தீபகற்பத்துல ரெண்டாவது பெரிய மலை. அப்போ உச்சியில நம்ம ஊரை விட 12, 13 டிகிரி கம்மி. ராத்திரி இங்க கீழ 24ன்னா மேல 11, 12. ஆனா அந்த நம்பரை மட்டும் பாத்து "கேமரன் மலையில இதை விட குளிருக்கு நின்னிருக்கோம்"னு சொல்லாதீங்க, அங்க நீங்க காஞ்ச துணி போட்டு, சாப்பிட்டு, ரூம்ல படுத்திருந்தீங்க. மலையில நனைஞ்சு, காத்து அடிச்சு, காலையில சாப்பிட்ட நாசி லெமாக் எப்பவோ கரைஞ்சு போன உடம்பு. பருத்தி சட்டையும் ஜீன்ஸும் தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கிட்டு உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். உள் உடம்புச் சூடு 35க்கு கீழ எறங்கிட்டா அது ஹைப்போதெர்மியா. ஐஸ் தேவையில்ல, ஸ்னோ தேவையில்ல, மழையும் காத்தும் போதும்.

இதுல என்னைப் பதற வைக்குறது எதுன்னா, நடுக்கம் நின்னதும் "ஆ, சரியாயிட்டான், தூங்கட்டும்"னு விடுறது. டேய், நடுங்கக்கூட தெம்பு இல்லாமதான்டா நின்னிருக்கு! அதுக்கப்புறம் சிலர் சூடா இருக்குன்னு சட்டையைக் கழட்டி வீசுவாங்க, பேய் புடிச்சிருச்சுன்னு சொன்னவங்களையும் பாத்திருக்கேன். பேயும் இல்ல ஒண்ணும் இல்ல.

ஒருத்தன் உளற ஆரம்பிச்சா, கால் தடுமாற ஆரம்பிச்சா, நடையை நிறுத்துங்க. ஈரத் துணியை உருவி காஞ்சது போடுங்க, தலையை மூடுங்க, தரையில படுக்க வைக்காதீங்க, பையோ பாயோ எதையாவது கீழ விரிங்க, பக்கத்துல ஒட்டிப் படுங்க. முழுங்க முடிஞ்சா இனிப்பு தூக்கலா சூடா மைலோ. சாராயம் கூடவே கூடாது, உள்ள இருக்குற சூட்டை அது தோலுக்கு இழுத்துட்டு வந்து வெளிய விட்டுரும். கை காலை பரபரன்னு தேய்க்காதீங்க, குளிர்ந்து போன இதயம் ஆட்டி அசைச்சா துடிப்பு தப்பிடும், பூப்போல தூக்கணும். இன்னொண்ணு, சக்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்குறவங்க சாப்பிடாம ஏறி சக்கரை எறங்கினாலும் இதே உளறல்தான், அதனால சக்கரை இருந்தா கூட வர்றவங்க கிட்ட வெக்கப்படாம முன்கூட்டியே சொல்லிடுங்க, எங்க வீட்டு ஆளுங்களே இதை மறைப்பாங்க.

சரி, இதெல்லாம் ஏன் நடக்குது? லேட்டாகுறதால. போன்ல மேப்பைப் பாத்து "எட்டு கிலோமீட்டர்தான், மூணு மணி நேரம்"னு கணக்கு போடுறாங்க. 1892லயே நைஸ்மித்னு ஸ்காட்லாந்துக்காரர் ஒருத்தர் சொல்லி வச்சுட்டாரு, 3 மைலுக்கு ஒரு மணி நேரம், அதோட 2000 அடி ஏத்தத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதல்னு. அதுவும் நல்ல பாதையில, திடமான ஆளுக்கு. நம்ம காட்டு வேரு, சேறு, அட்டை, முதுகுல மூட்டை எல்லாத்துக்கும் இன்னும் சேத்துக்கணும், கோர்புக்கெல்லாம் மேல ராத்திரி தங்குற மாதிரிதான் பிளான் பண்ணணும். பொழுது ஏழு, ஏழரைக்குள்ள சாயுது, மரத்துக்கு அடியில அதுக்கு முன்னாடியே கண்ணு தெரியாது. "இத்தனை மணிக்கு எங்க இருந்தாலும் திரும்புறோம்"னு கீழயே பேசி வச்சுக்கோங்க. உச்சி கண்ணுக்குத் தெரிஞ்சாலும் திரும்பணும்.

தீபாவளி லீவுல போறவங்க கொஞ்சம் கவனிங்க. அக்டோபர், நவம்பர் இந்தப் பக்கம் சாயங்கால இடி மழை காலம். நீங்க நிக்கிற இடத்துல வெயிலடிக்கும், மேல மழை கொட்டி ஆத்துல கெப்பாலா ஆயர், அதான் திடீர் வெள்ளம், வந்துரும். 2021 ஆகஸ்ட் 18 ஜெராய் மலையடிவாரத்துல யான் பக்கம் இப்படி வெள்ளம் வந்து என்ன ஆச்சுன்னு கெடா ஆளுங்களைக் கேட்டுப் பாருங்க. தண்ணி திடீர்னு கலங்கி, இலை குச்சி அடிச்சுட்டு வந்தா பையை விட்டுட்டு மேட்டுக்கு ஓடுங்க.

பெர்மிட் எடுங்க. ரிசர்வ் காட்டுக்குள்ள பெர்மிட் இல்லாம போறது 1984 வனச் சட்டப்படி குத்தம், அது ஒரு பக்கம் இருக்கட்டும், பேரு லிஸ்ட் ஆபீஸ்ல இருந்தாதான் போம்பா (தீயணைப்பு, மீட்பு) ஆளுங்களுக்கு எந்தப் பாதையில தேடணும்னு தெரியும். பதிவு பண்ண மாலிம் குனோங்கை, அதான் மலை வழிகாட்டியை, கூட்டிட்டுப் போங்க, அவருக்குக் குடுக்குற காசுல கஞ்சத்தனம் வேணாம். வீட்டுல ஒருத்தர் கிட்டயாவது எந்த மலை, எத்தனை மணிக்கு இறங்குவோம், அந்த நேரம் தாண்டினா 999 அடிங்கன்னு சொல்லிட்டுப் போங்கப்பா, ஈப்போவுல படம் பாக்கப் போறேன்னு அம்மா கிட்ட பொய் சொல்லிட்டுப் போனா அவங்க யாரைத் தேடுவாங்க?

பையில ஆளுக்கு ஒரு செட் காஞ்ச துணி, பிளாஸ்டிக் பையில இறுக்கிக் கட்டி, தூங்கும்போது மட்டும் எடுக்குறதுக்கு. ரெயின்கோட்டு, ஹெட்லேம்ப், ஸ்பேர் பேட்டரி, விசில். போனை ஃபிளைட் மோட்ல வைங்க, சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி செத்துரும். சூவுக்கு ஐநூறு வெள்ளி வேணாம், பால்மரம் வெட்டுறவங்க போடுற கம்போங் அடிடாஸ் ரப்பர் சூவே சேத்துல நல்லா பிடிக்கும்.

இறங்கி வந்து ரெண்டு மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்ணு சிவப்புன்னு இருந்தா சும்மா பனடோல் போட்டுட்டு படுக்காதீங்க. எலிக்காய்ச்சலா இருக்கலாம், ஆத்துத் தண்ணி, சேறு வழியா வரும், கால்ல சின்ன கீறல் இருந்தா போதும். கிளினிக்ல கவுண்டர்லயே சொல்லிடுங்க, காட்டுக்குப் போனேன், ஆத்துல எறங்கினேன், இந்தத் தேதின்னு.