கோழியைக் கழுவினால் வெங்காயத்துக்கு என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு மதுரையில் எந்தப் பக்கம் போனாலும் கறிக்கடை வாசலில் கூட்டம் நிற்கும். எங்கள் செல்லூரிலும் அப்படித்தான். கறுப்புப் பையில் ஒரு கிலோ கோழி வீடு வந்து சேர்ந்ததும், அம்மா அதை வடிதட்டில் கொட்டி, சிங்க்கில் வைத்து, குழாயை முழுசாகத் திறந்துவிடுவார். மூன்று தண்ணீர் கழுவி, நாலாவதில் மஞ்சள்தூள் போடுவார். கவுச்சி போகும்வரை விடமாட்டார்.

ஒருநாள் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். சிங்க்குக்கு அரையடி தள்ளி, கடப்பாக்கல் மேடையில், தயிர்ப் பச்சடிக்கு நறுக்கிய வெங்காயம் தட்டில் இருந்தது. அந்த எவர்சில்வர் தட்டின் விளிம்பில் பொட்டுப் பொட்டாக நீர்த்துளிகள். வெங்காயத்தின் மேலும் விழுந்திருக்கும், கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

கோழிக்கறி மெத்தென்று இருக்கும். குழாய்த் தண்ணீர் அதன்மேல் வேகமாக விழும்போது அந்த இடம் லேசாகக் குழிந்துகொடுக்கிறது. குழிக்குள் இறங்கிய தண்ணீர், கரண்டியைக் குழாய்க்கு அடியில் பிடித்தால் தெறிப்பதுபோல, மேலேயும் பக்கவாட்டிலும் தெறிக்கிறது. குழாய் எவ்வளவு உயரமோ, தண்ணீர் எவ்வளவு வேகமோ, தெறிப்பும் அவ்வளவு கூடும். 2022-இல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்து பார்த்தது. தெறித்த துளிகளோடு கோழியிலிருந்த பாக்டீரியாவும் போய்ச் சேர்ந்திருந்தது.

பச்சைக் கோழியில் பயப்பட வேண்டியவை முக்கியமாக இரண்டு: சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர். (சால்மன் மீனுக்கும் சால்மொனெல்லாவுக்கும் சம்பந்தமில்லை. டேனியல் சால்மன் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் பெயர் அது.) இரண்டும் கோழியின் குடலில் பெரும்பாலும் அதற்கு நோவு தராமல் குடியிருப்பவை. அறுத்துச் சுத்தம் செய்கையில் கறிமேல் படிந்துவிடுகின்றன. தோலில் இறகு இருந்த குழிகளிலும் சதை மடிப்புகளிலும் ஒட்டிக்கொண்டவை தண்ணீருக்கு அசைவதில்லை. சரி, மஞ்சள்? அதிலுள்ள குர்குமின் தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லிவிடலாம். இரண்டு நிமிட மஞ்சள் தண்ணீரில் கிருமி சாகும் என்று நம்ப முடியாது.

குழம்பைப் பற்றிக் கவலையில்லை. கறியின் நடுப்பகுதிவரை 70 டிகிரிக்கு மேல் சூடேறினால் இந்தக் கிருமிகள் தாங்காது, நம் குழம்போ கொதித்துக் குமிழி விடுவது. ஆபத்தெல்லாம் அடுப்பையே பார்க்காத வெங்காயத்துக்குத்தான். கேம்பைலோபாக்டர் மேடையில் கிடந்து பெருகாது. ஆனால் சில நூறு உள்ளே போனாலே வயிற்றுப்போக்கு வரலாம். சால்மொனெல்லாவின் வழி வேறு. அதற்கு நேரம் கொடுத்தால் போதும். 5 டிகிரிக்கு மேல், 60 டிகிரிக்குக் கீழ் இருக்கும் சூடு கிருமிகளுக்குத் தோதானது. அதிலும் உடம்புச் சூடு அளவில் சால்மொனெல்லா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியது. காலை 7 மணிக்கு வாங்கிய கறி 11 மணிவரை வெளியில் கிடந்தால், அந்தக் கணக்கில் ஒன்று 4,096 ஆகிறது. சித்திரை மாசத்து மதுரை அடுப்படி உடம்புச் சூட்டுக்குக் குறைந்ததா என்ன?

அப்படியானால் கழுவாமலே போட்டுவிடலாமா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அமெரிக்க வேளாண் துறை 2019-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்ததும் கொஞ்சம் யோசனை வந்தது. கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் சிங்க்கில் கிருமி இருந்தது. 26 சதவீதம் பேர் அதைப் பச்சைக் காய்கறிக் கலவைவரை கொண்டு சேர்த்திருந்தார்கள். ஆனால் கழுவாதவர்களிலும் 31 சதவீதம் பேர் சேர்த்திருந்தார்கள்! அப்படியென்றால் தெறிப்பு மட்டுமே காரணமாக இருக்க முடியாது. கோழியைத் தொட்ட விரல் குழாய்த் திருகைத் தொடுகிறது, அடுத்து உப்பு ஜாடி, அஞ்சறைப்பெட்டி, இடுப்பில் சொருகிய கரித்துணி. அப்புறம் அதே அரிவாள்மனையில் கொத்தமல்லி நறுக்குகிறோம்.

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் அப்பத்தா கோழி கழுவியது கொல்லையில். அகலமான சட்டியில் கறியைப் போட்டு, செம்பால் தண்ணீரைத் தாழ ஊற்றி, கையால் அலசி, வாழை மூட்டில் வடித்துவிடும். கிருமி பற்றி யோசித்தெல்லாம் செய்யவில்லை, அங்கே குழாய் கிடையாது, அவ்வளவுதான். பழக்கம் மட்டும் நகரத்து வீட்டுக்கு வந்தது. கொல்லை வரவில்லை. கறிக்கு ஒன்றரையடி உயரத்தில் குழாய், கைக்கெட்டும் தூரத்தில் பச்சடித் தட்டு.

இப்போது எங்கள் வீட்டில் பச்சடிக்கு நறுக்குவதுதான் முதல் வேலை. நறுக்கி, மூடி, ஃபிரிட்ஜில் வைத்த பிறகே கறிப் பையை அவிழ்ப்பது. அதுவரை கறியும் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், ஒழுகாத பாத்திரத்தில். கழுவியே ஆகவேண்டும் என்று அம்மா சொல்வதால் குழாயடியில் பிடிக்காமல் சட்டியில் அலசி, மெதுவாக வடிக்கிறோம். பிறகு 20 விநாடி சோப்புப் போட்டுக் கை கழுவுதல், அரிவாள்மனைக்கும் குழாய்த் திருகுக்கும் சோப்பு. சிங்க்கை மேம்போக்காகத் தேய்த்தால் போதாது. அதே ஆய்வில் 14 சதவீதம் பேருக்குச் சிங்க்கைச் சுத்தம் செய்த பிறகும் கிருமி மிஞ்சியிருந்தது. அதனால் சோப்புப் போட்டுத் தேய்த்த கையோடு கொதிக்கிற தண்ணீரையும் ஊற்றுகிறோம். கரித்துணியும் அதே தண்ணீரில் முங்குகிறது.

நாலாவது தண்ணீரில் மஞ்சள் போடுவதை மட்டும் அம்மா விடவில்லை. நானும் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.