பெயரை அழித்தாலும் பிள்ளை தெரியும்

காலையில் இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், நிலாவெளியிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் முன்பள்ளிகள் திறந்ததும் முதலில் விரிவது இடாப்பு. ஆசிரியை பெயர் கூப்பிட, பிள்ளைகள் கை உயர்த்துகிறார்கள். வரவுடன் பிறந்த திகதி, முகவரி, வீட்டில் பேசும் மொழி, உடற்குறைபாடு போன்ற விவரங்களும் முன்பள்ளியில் சேர்கின்றன. இவற்றுக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, அந்தப் பிள்ளையைக் கவனிப்பது; அதற்குப் பெயர் வேண்டும். மற்றொன்று, பிள்ளைகளை எண்ணுவது. அதற்குப் பெயர் வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே தாளில் செய்வதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

கவனிக்கும் வேலைக்கு நிறை நல்ல உதாரணம். நான்கு வயது நிறைந்த ஒரு சிறுமி 12.4 கிலோ இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணை மட்டும் பார்த்து எதையும் சொல்ல முடியாது. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நன்கு பராமரிக்கப்பட்ட சுமார் 8,500 பிள்ளைகளை அளந்து, உலக சுகாதார நிறுவனம் 2006 இல் வளர்ச்சி அளவுகோலை வெளியிட்டது. அதன்படி அந்த வயதுச் சிறுமிகளின் நடு நிறை 16.1 கிலோ. நிறை குறைவு என்று கணக்கிடும் கோடு 12.3 கிலோ. நம் சிறுமி கோட்டுக்குச் சற்று மேலே நிற்கிறாள். ஆனால் அவளுடைய உண்மையான வயது நான்கு வருடமும் மூன்று மாதமும் என்றால், அதே 12.4 கிலோ கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். பிறந்த திகதியை எழுதாமல் "வயது 4" என்று மட்டும் எழுதும் இடாப்பு, உதவி தேவைப்படும் ஒரு பிள்ளையை இப்படித்தான் தவறவிடுகிறது.

தராசும் தவறு செய்யும், கண்ணும் தவறு செய்யும். 13.8 என்பதைப் பார்த்தவர் 14 என்று எழுதிவிடுவார். இதைக் கண்டுபிடிக்கப் புள்ளியியலாளர்கள் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான நிறைகளில் தசமப் புள்ளிக்குப் பின் வரும் இலக்கத்தை மட்டும் எண்ணுவார்கள். ஒழுங்காக அளந்திருந்தால் 0 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஏறக்குறைய சம அளவில் வரவேண்டும். 0, 5 ஆகிய இரண்டும் குவிந்து கிடந்தால், யாரோ மதிப்பிட்டு எழுதியிருக்கிறார் என்று பொருள்.

எண்ணும் வேலை வேறு. இலங்கையில் ஜனவரி 31 இல் ஐந்து வயது நிறைந்திருக்கும் பிள்ளையே அந்த ஆண்டு முதலாம் தரத்தில் சேரலாம். ஆகவே இன்று முன்பள்ளியில் இருப்பவர்களை வயதுவாரியாக எண்ணினால், அடுத்த ஆண்டு எந்தப் பிரிவில் எத்தனை மேசை, எத்தனை ஆசிரியர், தமிழ் மொழிமூலமா சிங்கள மொழிமூலமா என்று முன்கூட்டியே திட்டமிடலாம். மூவின மக்களும் வாழும் திருகோணமலைக்கு இந்தக் கணக்கு மிக அவசியம். அதற்குத் தேவை எண்ணிக்கை மட்டுமே.

பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது. வெருகல் பக்கத்தில் 14 பிள்ளைகள் படிக்கும் ஒரு சிறிய முன்பள்ளியைக் கற்பனை செய்யுங்கள். "ஐந்து வயது, பெண், செவிப்புலன் குறைபாடு: 1" என்று அட்டவணை சொன்னால், அது யார் வீட்டுப் பிள்ளை என்பது ஊருக்கே தெரியும். பெரிய ஊரிலும் இதே கதைதான். 1997 இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில், பெயர் நீக்கி வெளியிடப்பட்ட மருத்துவப் பதிவுகளுக்குள்ளிருந்து ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவை லதான்யா ஸ்வீனி என்ற மாணவி இனங்கண்டார். 20 டொலருக்கு வாங்கிய வாக்காளர் பட்டியலோடு பிறந்த திகதி, பால், தபால் குறியீடு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார். அவ்வளவுதான். முன்பள்ளி இடாப்பிலும் பிறந்த திகதி, பால், முகவரி மூன்றும் இருக்கின்றன.

தற்காப்புக்கு முதல் வழி, சிறிய எண்களை மறைப்பது: ஐந்துக்குக் குறைவான எண்ணிக்கை வந்தால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவார்கள். ஆனால் மொத்தத்தையும் மற்றக் கட்டங்களையும் அப்படியே வெளியிட்டால், கழித்துப் பார்த்து மறைத்த எண்ணைப் பெற்றுவிடலாம். அதனால் இன்னொரு கட்டத்தையும் சேர்த்து மறைக்க வேண்டியிருக்கிறது. மாத அறிக்கைகளில் இன்னொரு பொறியும் உண்டு. ஓகஸ்டில் நிறை குறைந்தவர்கள் 6, செப்டெம்பரில் 7. இடையில் புதிதாகச் சேர்ந்தது ஒரே பிள்ளை, வேறெதுவும் மாறவில்லை என்றால், அந்தப் பிள்ளையின் உடல்நிலை வெளிப்பட்டுவிடுகிறது. இதைத் தடுக்க, எண்களோடு சிறு தற்செயல் எண்களைக் கூட்டியோ கழித்தோ வெளியிடும் கணித முறையைச் சிந்தியா டுவோர்க்கும் சக ஆய்வாளர்களும் 2006 இல் வகுத்தார்கள். அமெரிக்கா தன் 2020 குடிசன மதிப்பீட்டில் அதைப் பயன்படுத்தியது. பதினான்கு பிள்ளைகள் உள்ள முன்பள்ளிக்கு அது பொருந்தாது. அங்கே கூட்டிய எண் உண்மையையே விழுங்கிவிடும். பல முன்பள்ளிகளைச் சேர்த்துப் பிரதேச செயலக மட்டத்தில் வெளியிடுவதே அங்கே நல்லது.

இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகளின் தரவைச் சிறப்பு வகையாக வைக்கிறது. பிள்ளையின் சார்பில் சம்மதம் தரவேண்டியவர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். ஆகவே படிவத்தை நிரப்பும் தாய், ஒவ்வொரு கேள்வியும் தன் பிள்ளையைக் கவனிப்பதற்கா, எண்ணுவதற்கா என்று தயங்காமல் கேட்கலாம். எண்ணுவதற்கு என்றால் அங்கே பெயர் எதற்கு?

இத்தனை கணிதமும் சட்டமும் மேலிடத்து அட்டவணையைத்தான் காக்கும். அவசரமாக விவரம் கேட்டார்கள் என்று இடாப்பின் பக்கத்தை அப்படியே படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் போட்டால், அந்தக் குழுவில் உள்ள எல்லாக் கைத்தொலைபேசிக்கும் பதினான்கு பெயர்களும் போய்ச் சேர்ந்துவிடுகின்றன.