களஞ்சியம் சேர்க்கும் ஸ்கிரிப்ட்: இயக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் போன்ற இயங்குதளங்கள் உள்ள மேசைக்கணினிகளை நிறுவிப் பராமரிப்பது என் தொழில். புதிதாக நிறுவிய கணினியில் உலாவி, நிரல் எழுதும் கருவி, கன்டெய்னர் மென்பொருள் என வெளியார் தரும் மென்பொருள்கள் பல தேவைப்படும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் களஞ்சியத்தை (அந்த மென்பொருளும் அதன் புதுப்பிப்புகளும் வைக்கப்பட்டிருக்கும் இணைய இருப்பிடத்தை) சேர்ப்பது அலுப்பூட்டும் வேலை என்பதால், எல்லாவற்றையும் ஒரு ஸ்கிரிப்டில் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பில்) எழுதி வைத்து ஒரே கட்டளையில் முடித்துவிடுவது பரவலான வழக்கம். நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் என்னிடம் வரும் கணினிகளில் ஏற்கெனவே இயக்கப்பட்டிருக்கும் ஸ்கிரிப்டுகளைத் திறந்து பார்க்கும்போது, தம் கணினியின் மீது எவ்வளவு அதிகாரத்தை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதை அறிந்துதான் அவற்றை இயக்கினார்களா என்ற கவலை எழுகிறது.

களஞ்சியத்தைச் சேர்ப்பது ஒரு மென்பொருளை நிறுவுவதோடு முடிந்துவிடும் செயல் அன்று. டெபியன் வகைப் பொதி (நிறுவுவதற்கென்று கட்டித் தரப்படும் மென்பொருள் கோப்பு) ஒவ்வொன்றுக்குள்ளும், நிறுவும்போதும் நீக்கும்போதும் இயங்கும் சிறு ஸ்கிரிப்டுகள் இருக்கலாம். அவை ரூட் உரிமையோடு, அதாவது கணினியில் எதையும் மாற்றக்கூடிய முழு அதிகாரத்தோடு, இயங்குகின்றன. புதிய பதிப்பு வந்து நாம் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அவை மீண்டும் இயங்கும். அதோடு, உலாவிக்காகச் சேர்த்த களஞ்சியம் உலாவியை மட்டுமே தர வேண்டும் என்ற கட்டுப்பாடு எதுவும், பொதிகளை நிறுவிப் புதுப்பிக்கும் கருவியான ஆப்டுக்கு இல்லை. சேர்க்கப்படும் களஞ்சியங்களுக்கு இயல்பாகக் கிடைக்கும் முன்னுரிமை எண் 500; இயங்குதளத்தின் சொந்தக் களஞ்சியத்துக்கும் அதே 500தான். முன்னுரிமை சமமாக இருந்தால் எந்தப் பதிப்பெண் பெரிதோ அதையே ஆப்ட் எடுத்துக்கொள்ளும். ஆகவே அந்த வெளிக்களஞ்சியத்தில், குறியாக்கத்துக்குப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்எல் பொதி ஒன்று உயர்ந்த பதிப்பெண்ணுடன் வைக்கப்பட்டால், அடுத்த புதுப்பிப்பில் நம் கணினியின் ஓபன்எஸ்எஸ்எல் அதுவாக மாறிவிடும். களஞ்சியத்தை நடத்துபவர் நல்லவராக இருந்தாலும், அவருடைய சேவையகத்துக்குள் வேறொருவர் புகுந்துவிட்டால் அதே வழி அந்த வேறொருவருக்கும் திறந்திருக்கும்.

இணையத்திலிருந்து கர்ல் என்ற கட்டளை மூலம் ஒரு ஸ்கிரிப்டைத் தரவிறக்கி, அதை அப்படியே, ரூட் உரிமையோடு இயக்கும் சூடோ பாஷுக்குள் செலுத்தும் ஒற்றை வரிக் கட்டளையைப் பல திட்டங்கள் தம் நிறுவல் பக்கத்திலேயே தருகின்றன. நிரல் சோதனைச் சேவை தரும் கோட்கவ் நிறுவனத்தின் பாஷ் அப்லோடர் என்ற ஸ்கிரிப்டைப் பல நிறுவனங்கள் இதேபோல ஒவ்வொரு முறையும் இணையத்திலிருந்து எடுத்து இயக்கிவந்தன. 2021 ஜனவரி 31 முதல் அதில் யாரோ செய்த மாற்றம், அது இயங்கிய சூழல்களிலிருந்த ரகசியக் குறியீடுகளை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 1 அன்றுதான் அது கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடிக்க உதவியது, தரவிறக்கிய கோப்பின் ஹாஷ் மதிப்பை (அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்ணை) வெளியிடப்பட்டிருந்த மதிப்போடு ஒப்பிட்டுப் பார்த்த ஒரு வாடிக்கையாளரின் எச்சரிக்கை. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களும் ஒப்பிடாமல் இயக்கியவர்களுக்கு எந்த அறிகுறியும் தெரியவில்லை. எனவே ஸ்கிரிப்டை முதலில் கோப்பாகச் சேமியுங்கள், திறந்து படியுங்கள், பிறகு இயக்குங்கள். இணைப்பு பாதியில் அறுந்தால் பாதி ஸ்கிரிப்ட் மட்டும் இயங்கிவிடும் ஆபத்தும் இதனால் நீங்கும்.

படிக்கும்போது என் கண் முதலில் தேடுவது சாவியைக் கையாளும் வரிகளைத்தான். களஞ்சியத்தின் கையொப்பம் உரியவருடையதுதானா என்று சரிபார்க்க ஆப்ட் பயன்படுத்தும் கோப்பே சாவி. பழைய ஸ்கிரிப்டுகள் எல்லாம் ஆப்ட்-கீ கட்டளையைப் பயன்படுத்துபவை. இந்த வகையில் சேர்க்கப்படும் சாவி, எந்தக் களஞ்சியத்துக்காகச் சேர்க்கப்பட்டதோ அதற்கு மட்டும் செல்லுபடியாவதில்லை. கணினியில் உள்ள எல்லாக் களஞ்சியங்களுக்கும் செல்லுபடியாகும். வாடகைக்கு ஓர் அறையைக் கேட்டவருக்கு வீட்டின் எல்லா அறைகளையும் திறக்கும் சாவியைக் கொடுப்பது போன்றது இது. ஆப்ட்-கீயைக் கைவிடும்படி 2020 முதலே அறிவுறுத்தப்பட்டுவருகிறது, உபுண்டு 22.04 அதைப் பயன்படுத்தினால் எச்சரிக்கை காட்டும். டெபியன் 13இல் அந்தக் கட்டளையே இல்லை. ஆயினும் அதற்குப் பதிலாகச் சாவியை டிரஸ்டட் ஜிபிஜி டி அடைவுக்குள் நகலெடுக்கும் ஸ்கிரிப்டுகள் இன்றும் சுற்றில் உள்ளன. எச்சரிக்கை மறைந்துவிடுவதால் சிக்கல் தீர்ந்ததாகத் தோன்றும். அந்த அடைவில் உள்ள சாவியும் எல்லாக் களஞ்சியங்களுக்கும் செல்லும் என்பதால் எதுவும் தீரவில்லை. சாவியைக் கீரிங்ஸ் அடைவில் தனிக்கோப்பாக வைத்து, களஞ்சியத்தின் பதிவில் 'சைன்ட்-பை' என்ற புலத்தால் அந்தக் கோப்பைச் சுட்டுவதே சரியான முறை. அப்போது அந்தச் சாவி அந்த ஒரு களஞ்சியத்தோடு நிற்கும்.

சரியான அடைவில் வைத்தாலும், அது உரியவருடைய சாவிதானா என்ற கேள்வி மீதமிருக்கிறது. சாவியையும் ஸ்கிரிப்டையும் ஒரே சேவையகத்திலிருந்து எடுத்தால், அந்தச் சேவையகம் கைமாறிய நாளில் இரண்டும் சேர்ந்தே மாறியிருக்கும். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், தரவிறக்க இணைப்பைப் பின்வாசல் (ரகசிய நுழைவழி) வைத்த வட்டுப்படிமம் (இயங்குதளத்தின் நிறுவல் கோப்பு) ஒன்றுக்குத் திருப்பிவிட்டார்கள். தரவிறக்கும் பக்கமே பிறர் கையில் இருக்கும்போது அந்தப் பக்கத்தில் காணும் எந்தச் சரிபார்ப்பு எண்ணையும் நம்ப முடியாது. இந்த இடத்தில்தான் ஸ்கிரிப்ட் உண்மையில் பயன்படுகிறது என்று நான் கருதுகிறேன். சாவியின் முழுக் கைரேகை, அதாவது அதை அடையாளம் காட்டும் எண், பதினாறடிமான எண்முறையில் 40 இலக்கம். அதை ஒருமுறை, வேறு வழியாக — உற்பத்தியாளரின் ஆவணங்கள், மூலநிரல் தளம், முன்பே நம்பிக்கையோடு இயங்கிவரும் மற்றொரு கணினி — ஒப்பிட்டுப் பார்த்து, ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதிவிடுங்கள். தரவிறக்கிய சாவியின் கைரேகையை ஜிபிஜி என்ற கருவி மூலம் எடுத்து, எழுதி வைத்ததோடு ஒப்பிட்டு, ஓர் இலக்கம் மாறினாலும் ஸ்கிரிப்ட் நின்றுவிட வேண்டும். மனிதர் பத்தாவது கணினியில் சோர்ந்து விட்டுவிடும் சோதனையை ஸ்கிரிப்ட் விடாது. கடைசி 8 இலக்கங்களை மட்டும் ஒப்பிடுவது போதாது. அதே 8 இலக்கங்கள் வருமாறு வேறொரு சாவியைச் சாதாரணக் கணினியிலேயே உருவாக்கிவிட முடியும்.

சாவி கிடைக்கவில்லை என்று ஆப்ட் பிழை காட்டும்போது, களஞ்சியத்தின் பதிவில் 'டிரஸ்டட்=யெஸ்' என்று சேர்த்து அதை அடக்கிவிடும் ஸ்கிரிப்டுகளும் உள்ளன. அந்த வரியைக் கண்டால் அந்த ஸ்கிரிப்டை அங்கேயே மூடிவிடுங்கள். கையொப்பச் சோதனையையே அது செயலற்றதாக்கிவிடுகிறது.

தீய நோக்கம் எதுவும் இல்லாமலேயே ஒரு ஸ்கிரிப்ட் கெடுதல் செய்யும் விதங்களும் உண்டு. அவற்றுள் நான் அடிக்கடி காண்பது இது: களஞ்சியத்தை ஸ்கிரிப்ட் ஒரு கோப்பில் பதிந்து, சாவிக்கு ஓர் இடத்தைச் சுட்டியிருக்கும். பிறகு மென்பொருளின் பொதியே, நிறுவப்படும்போது, அதே களஞ்சியத்தை வேறொரு கோப்பில் வேறொரு சாவி இடத்தோடு பதிந்துவிடும். ஒரே களஞ்சியத்துக்கு இரண்டு விதமான 'சைன்ட்-பை' இருப்பதை ஆப்ட் ஏற்பதில்லை. களஞ்சியப் பட்டியலைப் படிக்க முடியவில்லை என்று சொல்லி மொத்தமாக நின்றுவிடும். அந்த ஒரு மென்பொருள் மட்டுமல்ல, இயங்குதளத்தின் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உட்பட எதுவும் அதற்குப் பின் வராது. முனையத்தைத் திறந்து பார்க்காதவருக்கு இது பல வாரங்கள் தெரியாமலே இருக்கலாம். ஆகவே ஸ்கிரிப்டின் கடைசியில் ஆப்ட் அப்டேட்டை இயக்கி, அது பிழையின்றி முடிந்ததா என்று சோதிக்கும் வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கோப்பின் கடைசியில் ஒரு வரியைக் கூட்டும் ஸ்கிரிப்டுகள் அதே பதிவைத் திரும்பத் திரும்ப எழுதிவிடும். கோப்பை முழுமையாகப் புதிதாக எழுதுவதே மேல். உபுண்டு 24.04இல் இயங்குதளத்தின் களஞ்சியப் பட்டியல் பழைய சோர்சஸ் லிஸ்ட் கோப்பிலிருந்து உபுண்டு சோர்சஸ் என்ற தனிக்கோப்புக்கு மாறிவிட்டது. பழைய கோப்பில் இடம் மாறியதைச் சொல்லும் குறிப்பு மட்டுமே இருக்கும். அந்தப் பழைய கோப்பை செட் கட்டளையால் திருத்த முயலும் ஸ்கிரிப்ட், தேடிய வரி கிடைக்காவிட்டாலும் வெற்றி என்றே திரும்பும், ஏனென்றால் எதையும் மாற்றாமல் முடிவதை செட் பிழையாகக் கருதுவதில்லை.

லினக்ஸ் மின்ட் பயன்படுத்துவோர் மற்றொன்றைக் கவனிக்க வேண்டும். வெளியீட்டின் பெயரை ஸ்கிரிப்ட் கேட்கும்போது மின்ட் 22 தன் சொந்தப் பெயரான வில்மா என்பதைச் சொல்லும். உபுண்டுவுக்கான களஞ்சியத்தில் வில்மா இருக்காது, அதன் அடித்தளமான உபுண்டு 24.04இன் பெயர் நோபல்தான் இருக்கும். ஓஎஸ்-ரிலீஸ் கோப்பில் உபுண்டு வெளியீட்டுப் பெயருக்கென்றே ஒரு வரி உள்ளது. ஸ்கிரிப்ட் அதைப் படித்தால் போதும். பெயரை நேரடியாக எழுதிவைத்தால் இயங்குதளத்தை மேம்படுத்திய பிறகும் பழைய வெளியீட்டின் பொதிகளே வந்துகொண்டிருக்கும்.

வெளிக்களஞ்சியத்தின் கையைக் கட்டிவைக்க ஆப்டிலேயே வழி இருக்கிறது, ஆனால் அதை எழுதும் ஸ்கிரிப்டுகள் மிகக் குறைவு. முன்னுரிமைக் கோப்பில், அந்தச் சேவையகத்திலிருந்து வரும் எல்லாப் பொதிகளுக்கும் எதிர்ம எண் ஒன்றையும், நமக்கு வேண்டிய பொதிக்கு மட்டும் பெயர் சொல்லி 500ஐயும் கொடுத்தால், மேலே சொன்ன ஓபன்எஸ்எஸ்எல் நிலைமை வராது. அனுமதித்த பொதி ரூட் உரிமையோடு இயங்குவதை மட்டும் இது தடுக்காது. அதற்கு அதைத் தருபவர் மீதுள்ள நம்பிக்கை ஒன்றே ஆதாரம். அந்த நம்பிக்கை இல்லாத மென்பொருளுக்குக் களஞ்சியத்தையே சேர்க்காதீர்கள்.

சேர்க்கும் ஸ்கிரிப்டை எழுதுபவர் நீக்கும் ஸ்கிரிப்டையும் உடன் எழுதிவிட வேண்டும் என்பது என் பணியில் நான் வைத்திருக்கும் விதி. புதிய வடிவமைப்பில் சாவியைக் களஞ்சியப் பதிவுக்கோப்புக்குள்ளேயே பொதிந்து வைக்க முடிவதால், ஒரு கோப்பை அழித்தால் இரண்டும் போய்விடும். ஆனால் அந்தக் களஞ்சியத்திலிருந்து வந்த பொதிகள் போகா. அவை அதே பதிப்பில், யாரும் புதுப்பிக்காமல், கணினியில் தங்கிவிடும். உபுண்டுவை அடுத்த வெளியீட்டுக்கு மேம்படுத்தும்போது வெளிக்களஞ்சியங்கள் தாமாகவே செயலிழக்கச் செய்யப்படுவதால், இப்படித் தங்கியவை பெரும்பாலான பழைய கணினிகளில் இருக்கும். பிபிஏக்களிலிருந்து (உபுண்டுவுக்காகத் தனிநபர்களும் குழுக்களும் நடத்தும் களஞ்சியங்களிலிருந்து) வந்தவற்றை இயங்குதளத்தின் பதிப்புக்கே திருப்ப பிபிஏ-பர்ஜ் என்ற கருவி உள்ளது. மற்றவற்றுக்கு, ஆப்ட் லிஸ்ட் கட்டளையோடு 'அப்சலீட்' என்ற தேடல் வடிவத்தைக் கொடுத்தால், எந்தக் களஞ்சியத்திலும் இப்போது இல்லாத, ஆனால் கணினியில் நிறுவப்பட்டிருக்கும் பொதிகளின் பட்டியல் வரும். அதில் பெயர் தெரியாத பொதி எது இருந்தாலும், அது எந்த ஸ்கிரிப்டால் வந்தது என்பதைக் கண்டறிந்த பிறகே அடுத்த களஞ்சியத்தைச் சேருங்கள்.