ஏற்றுவதற்கு முன் லிஸ்ப்பைத் திறந்து படியுங்கள்

வரைபடம் போடும் மென்பொருளான ஆட்டோகேட் ஓடும் அலுவலகங்களில், அதற்குள் வேலை செய்யும் குட்டி நிரல்களான லிஸ்ப் ஃபைல்கள் வாட்ஸ்அப்பிலேயே கைமாறுகின்றன. வந்ததும் ஆப்லோட் என்ற கட்டளை கொடுத்து ஏற்றிவிடுவார்கள். நோட்பேடில் திறந்து பார்ப்பவர் அபூர்வம். கேட்டால், "அடைப்புக்குறியைப் பார்த்தாலே தலை சுத்துது சார்" என்பார்கள்.

அந்த அடைப்புக்குறிதான் இலக்கணமே. திறக்கும் குறியை ஒட்டி வருவது செய்யவேண்டிய வேலை. மற்றதெல்லாம் அதற்குக் கொடுக்கும் சரக்கு. 1958-ல் கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி தொடங்கிவைத்த லிஸ்ப் மொழிக் குடும்பம் முழுக்க இதே விதிதான். (* 2 (+ 3 4)) என்றால் உள்ளே இருப்பதை முதலில் முடித்து 7, அதை இரண்டால் பெருக்கி 14. எதை முதலில் செய்வது என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. முன்னால் ஒற்றை மேற்கோள் குறி இருந்தால் மட்டும் வேலை நடக்காது. '(10 20) வெறும் பட்டியல். நம்மவர்கள் சறுக்கும் இடம் வேறு: ஆட்டோகேட்டின் லிஸ்ப்பான ஆட்டோலிஸ்ப்பில் (/ 7 2) கொடுத்தால் விடை 3. இரண்டும் முழு எண் என்பதால் பின்னத்தை வெட்டிவிடும். (/ 7.0 2) என்று எழுதினால்தான் 3.5.

செட்க்யூ ஒரு பெயரில் மதிப்பைச் சேமிக்கும். அரைப்புள்ளிக்கு அப்புறம் வருவது மனிதருக்கான குறிப்பு. டிஃபன் புதிய கட்டளையை வரையறுக்கும், நீங்கள் அழைக்கும்வரை அது சும்மா இருக்கும். டிஃபனுக்கு வெளியே நிற்கும் வரிதான் கவனிக்கவேண்டியது. ஏற்றிய உடனே அது ஓடிவிடும். லேயர் பெயர் மாற்றும் லிஸ்ப்புக்குள், ஃபைலை நகலெடுக்கும் விஎல்-ஃபைல்-காப்பியும் வேறு நிரலைத் தொடங்கும் ஸ்டார்ட்ஆப்பும் எதற்கு? அதற்குப் பதில் தெரியாமல் ஏற்றாதீர்கள்.

வீண் பயம் இல்லை இது. 2012-ல் ஈசெட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் அம்பலப்படுத்திய மெட்ரே புழு ஆட்டோலிஸ்ப்பில் எழுதப்பட்டதுதான். பெரு நாட்டில் அதிகம் பரவி, திறந்த வரைபடங்களைச் சீன மின்னஞ்சல் கணக்குகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பரவியது அகேட்.ஃபாஸ் என்ற ஃபைலாக. ஃபாஸ் என்பது கம்பைல் செய்த, அதாவது இயந்திரத்துக்காக மாற்றிய வடிவம், நோட்பேடில் திறந்தாலும் ஒன்றும் புரியாது. எனவே எழுதியவர் யாரென்று தெரியாத ஃபாஸ் ஃபைலை நான் ஏற்றுவதே இல்லை. வெளியிலிருந்து வரும் ஜிப்பில் வரைபடத்தோடு அகேட்.எல்எஸ்பி அல்லது அகேட்.ஃபாஸ் இருந்தால், வரைபடத்தைத் திறக்கும் முன்பே அதைத் தனியே எடுத்துவிடுங்கள்; அந்தப் பெயருள்ள ஃபைலை ஆட்டோகேட் தானாகவே ஏற்றிவிடும்.

அப்படியே கமாண்ட் லைனில் செக்யூர்லோட் என்று தட்டிப் பாருங்கள். 1 இருந்தால் நம்பகப் பட்டியலில் இல்லாத ஃபோல்டரிலிருந்து ஏற்றும்போது உங்களைக் கேட்கும். தொல்லை என்று யாராவது 0 ஆக்கிவைத்திருந்தால், கேட்காமலே ஏற்றிவிடும்.