வேனுக்கு அடியில் ஒரு பிடி ரப்பர்

பிரேக்கை மிதித்தால் ஒரு ‘டொக்’. விட்டு வேகமெடுத்தால் இன்னொரு ‘டொக்’. மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போய்ச் சேர்வதற்குள் எத்தனை சமிக்ஞை விளக்குகளில் நின்றோம் என்பதை இந்தச் சத்தத்தை எண்ணியே சொல்லிவிடலாம். வண்டி 1990களின் டொயோட்டா ஹையேஸ். பல வருடம் தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போன வேன். இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஒரு கட்டில், ஓர் அடுப்பு, 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்து, குடும்பத்தோடு ஊர் சுற்றும் வண்டியாக மாற்றியிருந்தேன். சத்தம் போதாதென்று வண்டி சாலையில் மேயவும் தொடங்கியிருந்தது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருப்பேன். அது பாட்டுக்கு இடப்பக்கம் சாயும்.

ஜாக்கி போட்டுச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டு மாமா வந்து நின்றார். முப்பது வருடம் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். “சக்கரத்த ஏம்ப்பா ஆட்டுற? கைய ஆட்டிப் பாரு” என்றார். கை என்று அவர் சொன்னது ஆர்ம். சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு இணைத்து, மேலும் கீழும் ஆட விடுகிற இரும்புக் கை. ஹையேஸில் முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழ்க் கைக்கும் சேஸிஸுக்கும் நடுவே கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன். நல்ல நிலையில் இருந்தால் கை கொஞ்சம் இறுக்கத்தோடு அசைந்து தானாகத் திரும்பி வரும். இது ஒரு நகக்கண் அளவு தொளதொளவென்று போய், அங்கேயே நின்றது. புஷ் போய்விட்டது.

புஷ் என்பது கைக்குள் அடங்கும் சாமான். ஓர் இரும்புக் குழாய்க்குள் இன்னொரு சிறு குழாய். இரண்டுக்கும் நடுவே ரப்பர். வெளிக்குழாய் கையின் துளைக்குள் அழுத்திச் செருகப்பட்டிருக்கும். உள்குழாயைப் போல்ட் சேஸிஸோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருக்கும். பலரும் இதைக் கதவுக் கீல் மாதிரி என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அதற்குக் காசும் கொடுத்தேன். கீலில் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். புஷ்ஷில் எதுவும் வழுக்காது. சக்கரம் குழியில் இறங்கும்போது வெளிக்குழாய் கையோடு சேர்ந்து திரும்புகிறது, உள்குழாய் அசையாமல் நிற்கிறது, நடுவில் உள்ள ரப்பர் முறுகிக்கொடுக்கிறது. சக்கரம் மேலே வந்ததும் முறுக்கு அவிழ்கிறது. அவ்வளவுதான். எண்ணெய் வேண்டாம், மண் புகுந்து தேயவும் வழியில்லை.

ஆனால் அதே ரப்பர், பிரேக் பிடிக்கும்போது கை பின்னால் போகாமல் விறைத்து நிற்கவும் வேண்டும். ஒரு பக்கம் இளகவும் மறு பக்கம் விறைக்கவும் ஒரே பொருளால் எப்படி முடிகிறது?

பென்சில் அழிக்கும் ரப்பர் ஒன்றை மேசையில் வைத்து, விரலால் மேல்பரப்பைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். சுலபமாகச் சாயும். நேராக அழுத்துங்கள். கொஞ்சம் எதிர்க்கும், பக்கங்களில் பிதுங்கும். இனி அது பிதுங்கவே முடியாதபடி சுற்றிலும் சுவர் வைத்து அழுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அசையாது. ரப்பர் தன் உருவத்தைச் சுலபமாக மாற்றிக்கொள்ளும். ஆனால் தன் கனஅளவைக் குறைத்துக்கொள்ளத் தண்ணீரைப் போலவே மறுக்கும். உருமாற்றுவதற்குக் காட்டும் எதிர்ப்பைவிடச் சுருக்குவதற்குக் காட்டும் எதிர்ப்பு ஆயிரம் மடங்குக்கும் மேல். புஷ்ஷில் இரண்டு குழாய்களும்தான் அந்தச் சுவர். முறுக்கினால் ரப்பர் சாய்ந்து கொடுக்கிறது. நசுக்கினால் போக இடமில்லாமல் விறைக்கிறது.

இதே உத்தியில்தான் கட்டடங்களையே நிறுத்தி வைக்கிறார்கள். ரப்பர் ஒரு தட்டு, எஃகு ஒரு தட்டு என்று மாற்றி மாற்றி அடுக்கினால், மேலிருந்து வரும் பாரத்துக்கு அசையாது. நிலம் பக்கவாட்டில் ஆடினால் சாய்ந்துகொடுக்கும். 1985-இல் கலிபோர்னியாவின் ராஞ்சோ குக்கமோங்காவில் கட்டி முடித்த நீதிமன்றக் கட்டடம் அப்படிப்பட்ட இயற்கை ரப்பர் அடுக்குகளின்மேல் நிற்கிறது. அதற்குப் பின்னால் இருந்த ஆராய்ச்சியில் பெரும் பங்கு, இங்கிலாந்தில் மலேசிய ரப்பர் உற்பத்தியாளர்கள் நடத்திய ஆய்வுக்கூடத்துக்கு உரியது. இன்று அதன் பெயர் துன் அப்துல் ரசாக் ஆராய்ச்சி நிலையம். அம்மா தோட்டத்தில் மரம் சீவிய காலம் அது. மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், சொட்டிய பால் எங்கே போகிறது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத்தில் குவாலா கங்சார் போய்விடலாம். 1877-இல் அங்கே நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. இப்போது வழி நெடுக எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். ஆனாலும் ரப்பர் என்றால் என்னவென்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மரத்தில் உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை வெயிலில் போட்டால் பிசுபிசுக்கும், இழுத்துவிட்டால் முழுதாகத் திரும்பி வராது என்பது தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியும். பச்சை ரப்பருக்குள் நீண்ட நீண்ட மூலக்கூறு இழைகள் சேமியாபோல் கலந்து கிடக்கின்றன; ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதில்லை. 1839-இல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கியபோது அந்த இழைகளுக்கு இடையே கந்தகப் பாலங்கள் விழுந்தன. அதன் பிறகுதான் ரப்பருக்குத் ‘திரும்பி வருதல்’ என்ற குணம் உறுதியானது. புஷ்ஷுக்குக் கரும்புகைத் தூளும் சேர்ப்பார்கள். கறுப்பு நிறமும் வலுவும் அதனால் வருவது.

அப்படியானால் எதனால் சாகிறது? முதலில் எண்ணெய். ரப்பரும் ஹைட்ரோகார்பன், எஞ்சின் எண்ணெயும் ஹைட்ரோகார்பன். இனம் இனத்தோடு சேரும் என்பதுபோல எண்ணெய் ரப்பருக்குள் புகுந்து ஊதவைத்துவிடும். சத்தம் போடுகிறதே என்று புஷ்ஷில் கிரீஸ் தடவுகிறவர்கள் நோயாளிக்கு நஞ்சு கொடுக்கிறார்கள். அடுத்தது வெப்பமும் ஆக்சிஜனும்; இழைகளை அங்கங்கே அறுத்தும், வேண்டாத இடத்தில் பாலம் போட்டும் ரப்பரை விறைக்க வைக்கும். மூன்றாவது ஓசோன். காற்றில் மிகச் சிறு அளவில்தான் இருக்கிறது, ஆனால் இயற்கை ரப்பருக்கு அது போதும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தளர்வாகக் கிடக்கும் ரப்பரில் ஓசோன் பெரிதாக வெடிப்பு விடுவதில்லை. இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரில்தான், இழுவைக்குக் குறுக்கே, வரிவரியாக வெடிப்பு விடும். பழைய ரப்பர் வளையத்தை இழுத்துப் பார்த்தால் தெரியும் அந்த வரிகள்.

என் கதையில் இந்த ஓசோன் விஷயம் பிறகு வரும்.

முதல் முறை வேலையைப் பட்டணத்தில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். அசல் சாமான்தான் வாங்கிக் கொடுத்தேன். காலையில் விட்டு மாலையில் எடுத்தேன். பதினோரு மாதத்தில் அதே ‘டொக்’. கேமரன் மலைக்குச் சிம்பாங் பூலாய் வழியாக ஏறி இறங்கிய அன்று மறுபடி வந்துவிட்டது. “சாமான் சரியில்ல அண்ணே, எல்லாம் டூப்ளிகேட்” என்றார்கள். சாமான்மேல் பழியைப் போடுவது சுலபம், சாமான் வாய் திறக்காது.

இரண்டாவது முறை நானே இறங்கினேன். ஹையேஸின் முன்பக்கம் சுருள்வில் கிடையாது. டார்ஷன் பார் என்ற நீண்ட எஃகுக் கம்பி முறுகித்தான் வண்டியைத் தாங்குகிறது. அதன் முறுக்கை இளக்காமல் கையைக் கழற்றப் போனால் ஆளைக் கொன்றுவிடும். சரிசெய்யும் போல்ட் எத்தனை மரை வெளியே நிற்கிறது என்று அளந்து குறித்துக்கொண்டு, பிறகுதான் இளக்க வேண்டும். ஸ்டாண்டு இல்லாமல் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பவர்களைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

பழைய புஷ்ஷை நெருப்பு வைத்து எரித்து எடுப்பார்கள். கந்தகப் புகை தொண்டையைப் பிடிக்கும், நான் செய்யவில்லை. ரப்பரைக் குடைந்தெடுத்து, வெளிக்குழாயை ஹேக்சா பிளேடால் உள்ளிருந்து ஒரு கோடு அறுத்து மடக்கினேன். புதியதை முதல் நாள் இரவே ஐஸ்பெட்டியில் கெம்போங் மீனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அதற்காக வாங்கிய வசவு தனி. கணக்குப் போட்டால் அதில் பெரிய லாபமும் இல்லை. 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாய் 50 டிகிரி குளிர்ந்தால் 0.027 மில்லிமீட்டர்தான் சுருங்கும், ஒரு தலைமுடியின் பாதிகூடத் தேறாது. சோப்புத் தண்ணீரும் பிரஸ்ஸும்தான் வேலையை முடித்தன.

கழற்றிய புஷ்களைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஊதல் இல்லை, எண்ணெய் இல்லை. ஆனால் ரப்பரின் வெளிமுகம் முழுக்க வரிவரியாக வெடிப்பு, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்த வரி. பதினோரு மாத ரப்பர், யாரோ அதைப் பதினோரு மாதமும் ஒரே திசையில் முறுக்கிப் பிடித்திருந்தது போல. அப்படித்தான் நடந்திருக்கிறது.

பட்டறையில் வண்டியை லிஃப்டில் ஏற்றியிருந்தார்கள். சக்கரம் தொங்கியது, கை கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. அந்த நிலையிலேயே போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டார்கள். உள்குழாய் அந்தக் கோணத்தில் பூட்டிக்கொண்டது. வண்டி தரைக்கு வந்ததும் கை, ஒரு பேச்சுக்கு 20 டிகிரி என்று வைப்போம், மேலே வருகிறது; ரப்பர் அந்த 20 டிகிரி முறுக்கோடுதான் நிற்கிறது. உள்குழாயின் ஆரம் 9 மில்லிமீட்டர் என்றால் அதன் விளிம்பில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இழுவை. ரப்பரின் தடிமனே 7 மில்லிமீட்டர். இரவில் வாசலில் நிறுத்தியிருக்கும்போதும் அந்த இழுவை இருக்கிறது, ஓசோனுக்கு வேலை நடக்கிறது. இதன் மேல் சக்கரம் மேடேறினால் இன்னும் 15 டிகிரி. தொழிற்சாலை அந்த ரப்பரை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று முறுகுவதற்குத்தான் செய்தது. 35 டிகிரி ஒரே பக்கம் முறுகுவதற்கு அல்ல.

பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளில் செய்த புஷ் போட்டால் இந்தத் தொல்லை இல்லை என்பார்கள். உண்மைதான், அது உள்குழாயோடு ஒட்டியிருப்பதில்லை, வழுக்குகிறது. அதனாலேயே அதற்குரிய கிரீஸ் வேண்டும், காய்ந்தால் கீச்சிடும், சாலையின் நடுக்கத்தையெல்லாம் வண்டிக்குள் அனுப்பும். கட்டிலில் பிள்ளை தூங்கும் வண்டிக்கு எனக்கு ரப்பரே போதும்.

ஆகவே எல்லா நட்டுகளையும் கையிறுக்கத்தில் விட்டு, டார்ஷன் பாரைக் குறித்த அளவுக்குக் கொண்டுவந்து, நான்கு சக்கரத்துக்கும் கீழே தடித்த பலகை கொடுத்து வண்டியை இறக்கினேன். முன்பக்கத்தை நாலைந்து முறை அழுத்தி ஆட்டிவிட்டேன், ஒட்டிக்கொண்டிருப்பது விடுபட்டு வண்டி தன் உயரத்தில் உட்காரட்டும் என்று. நட்டை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சோடு அடியில் போகும்போது மாமா கேட்டார்:

“வண்டி காலியா இருக்கே தம்பி. நீ காலியாவா ஓட்டுவ?”

வெளியே வந்தேன். 60 லிட்டர் தொட்டியை நிரப்பினேன். எரிவாயுத் தோம்பு, கட்டில், மெத்தை, பெட்டிகள் எல்லாம் ஏறின. ஓட்டுநர் இடத்தில் இரண்டு மூட்டை அரிசி. பக்கத்து இருக்கையில் மாமாவே ஏறி உட்கார்ந்துகொண்டார். மட்காடுக்கும் சக்கர நடுவுக்கும் இடையே அளவுநாடா பிடித்துப் பார்த்தேன். முன்பக்கம் 22 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. அதன் பிறகு படுத்து, ஒவ்வொரு நட்டாக இறுக்கினேன்.