முதலில் நகர்ந்தது எது?

"ஒய்ஜா பலகையில் நாலு பேர் டம்ளர் மேல் விரல் வைத்தோம். யாரும் தள்ளவில்லை, சத்தியமாக. ஆனாலும் டம்ளர் எழுத்து எழுத்தாகப் போனது. எப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஆவியிடம் கேள்வி கேட்பதற்கென்று எழுத்துகள் எழுதிவைத்த பலகைதான் ஒய்ஜா. அவர் சத்தியத்தை நம்புகிறேன். டம்ளர் நகர்ந்ததையும் நம்புகிறேன். யாரோ பொய் சொல்கிறார்கள் என்றால் துப்பறிய என்ன இருக்கிறது?

இதே வழக்கு 1853-ல் லண்டனில் மைக்கேல் ஃபாரடேயிடம் வந்தது. மின்காந்தத் தூண்டல் பாடத்தில் படித்தோமே, அவரேதான். அப்போது மேசை சுழற்றுவது ஒரு பெரிய மோகம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கைகளை அதன்மேல் வைத்துக் காத்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் மேசை திரும்பத் தொடங்கும். ஆவி என்றார்கள் சிலர். மின்சாரம், காந்தம் என்றார்கள் வேறு சிலர். இந்த இரண்டின் பெயரும் அடிபட்டால் ஃபாரடேயை விடுவார்களா? விசாரிப்புகள் குவிந்தன.

மேசையைத் திருப்புவதில் பெயரெடுத்த, நாணயமான ஆட்களையே அவர் தேர்ந்தெடுத்தார். கண்ணாடி, களிமண், ரப்பர், மரம் என்று பலவற்றைக் கட்டி அவர்கள் கைக்கும் மேசைக்கும் இடையில் வைத்துப் பார்த்தார். மேசை வழக்கம்போலவே திரும்பியது. சரி, இடையில் எதை வைத்தாலும் பாதகமில்லை. அப்படியானால் உளவு சொல்லும் கருவியையே வைக்கலாமே!

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வழுவழுப்பான நாலைந்து அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே மெழுகும் டர்பன்டைனும் கலந்த சிறு உருண்டைகளை வைத்து ஒட்டினார். அந்தக் கலவையின் பக்குவத்தில்தான் சூட்சுமமே இருக்கிறது. சட்டென்று வழுக்காது. விடாமல் அழுத்தினால் மெல்ல இளகிக்கொடுக்கும். இளகிய பிறகு அட்டை பழைய இடத்துக்குத் திரும்பாது, நகர்ந்த இடத்திலேயே நிற்கும். அடுக்குக்கு அடியில், மேசையைப் பிடித்துக்கொள்ள ஓர் உப்புத்தாள். அட்டைகளின் ஓரங்களில், கீழ்ப்பக்கமாக, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பென்சில் கோடு. மேலட்டை மட்டும் பெரியது, அதனால் கை வைப்பவருக்கு உள்ளே நடப்பது தெரியாது.

இப்போது யோசியுங்கள். மேசை தானாக இடப்பக்கம் திரும்பினால், கீழட்டைதான் முதலில் அதோடு போகும். சும்மா கிடக்கும் கைகளின் அடியில் மேலட்டை பின்தங்கும். கைகள் தள்ளியிருந்தால் மேலட்டை முந்தும், மற்றவை படிப்படியாகப் பின்னால் வரும். எப்படியானாலும் கோடு உடையும். எந்தப் பக்கம் உடைந்திருக்கிறது என்று பார்த்தால் ஆள் அகப்பட்டுவிடுவான்!

மேசை திரும்பியது. அட்டைகளைப் புரட்டிப் பார்த்தால், மேலட்டை முன்னால், மற்றவை இழுபட்டுப் பின்னால். மேசை அசையாத சில தடவைகளில்கூட மேலட்டை நகர்ந்திருந்தது!

அப்புறம் இன்னொரு கருவி செய்தார். இரண்டு மெல்லிய பலகைகள், நடுவே உருளக் கண்ணாடிக் குச்சிகள், சுற்றிலும் ரப்பர் பட்டை. மேல்பலகை இம்மியளவு பக்கவாட்டில் நகர்ந்தாலும் பெரிதாக்கிக் காட்ட, காய்ந்த புல்தண்டு ஒன்று முள்ளாக நின்றது. கை வைத்தவர் கண்ணில் அந்த முள் படும்படி வைத்ததும் மேசை நின்றுவிட்டது. எவ்வளவு ஆசைப்பட்டு, சலித்துப்போகும்வரை உட்கார்ந்திருந்தாலும் அசையவில்லை.

காரணம் இதுதான். ஓர் அசைவை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தால், அந்த எதிர்பார்ப்பே தசைகளை லேசாக இயக்கிவிடும். நாம் இயக்கினோம் என்ற உணர்வு அதோடு வருவதில்லை. நெடுநேரம் ஒரே நிலையில் அழுத்திய கைக்கு, நேர்கீழாக அழுத்துகிறதா சாய்வாகத் தள்ளுகிறதா என்பதும் பிடிபடாது. வில்லியம் கார்ப்பென்டர் என்ற ஆங்கிலேய உடலியலாளர் 1852-லேயே இதற்கு 'ஐடியோமோட்டார்' செயல் என்று பெயர் வைத்திருந்தார். நாலு பேர் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், ஒவ்வொருவரும் மற்ற மூவரின் தள்ளலைத்தான் உணர்வார்கள்.

அட்டை, மெழுகு, புல்தண்டு. இந்தப் பட்டியலோடு இன்று ஆராய்ச்சி நிதி கேட்டுப் போனால் சிரித்து அனுப்பிவிடுவார்கள் என்பது என் எண்ணம். ஆவி வேட்டைக்கு விளக்குகள் மினுக்கும் கருவிகளை வாங்குகிறவர்களோ கேள்வி என்ன என்பதையே முடிவு செய்வதில்லை.

நம் வாசகருக்கு ஒரு வேலை. அடுத்த முறை பலகையின் எழுத்துகளை ஒருவர் மாற்றி ஒட்டட்டும். விரல் வைக்கும் நாலு பேரும் அதைப் பார்க்காமல், முன்கூட்டியே கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள். டம்ளர் போகிற எழுத்துகளை அவர் ஒரு தாளில் எழுதட்டும். கட்டை அவிழ்த்ததும் அதைச் சேர்த்து வாசித்துப் பாருங்கள்.