நல்ல கொழுப்பு குறைவா? ட்ரைகிளிசரைடையும் பாருங்கள்

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் எச்.டி.எல். என்னும் நல்ல கொழுப்பு குறைவாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அதைக் கூட்ட ஒரு மாத்திரை எழுதித் தரும்படி கேட்பவர்கள் என்னிடம் அடிக்கடி வருகிறார்கள். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஆணுக்கு 40 மில்லிகிராமுக்கும் பெண்ணுக்கு 50 மில்லிகிராமுக்கும் கீழே போனால் அது குறைவு. தமிழ்நாட்டையும் உள்ளடக்கி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி, 2014-இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 72 பேருக்கு இந்தக் குறை இருந்தது.

அண்மையில் வந்த கடைக்காரர் ஒருவருக்கு எச்.டி.எல். 31; ட்ரைகிளிசரைடு என்னும் இன்னொரு வகை ரத்தக் கொழுப்போ 280, அதாவது அதிகம். முட்டை, தேங்காய், எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் இப்படியா என்று வருந்தினார். வேளை வேளையாகக் கேட்டபோது, காலையில் ஆறு இட்லி, மதியம் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று முறை சோறு, கல்லாவில் உட்கார்ந்தபடியே நான்கு டீ, ஒவ்வொன்றோடும் பிஸ்கட் என்று சொன்னார். நம் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாத இடுப்பு அவருக்கு 102 இருந்தது.

தேவைக்கு மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் ட்ரைகிளிசரைடாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. அது பெருகும்போது நல்ல கொழுப்புத் துகள்கள் தம்மிடமுள்ள கொலஸ்ட்ராலைக் கொடுத்துவிட்டு ட்ரைகிளிசரைடை ஏற்றுக்கொள்கின்றன; அப்படி மாறிய துகள்கள் சிறுத்து, உடலிலிருந்து விரைவிலேயே வெளியேற்றப்படுகின்றன. தொப்பை, சர்க்கரை நோய், உடலுழைப்பின்மை ஆகியவையும் பெரும்பாலும் இந்த வழியாகவே எச்.டி.எல்.லைக் குறைக்கின்றன.

புகைப்பழக்கமும் பரம்பரையும் தனிக் காரணங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் சிலவும் சற்றுக் குறைக்கும். அதற்காக அவற்றைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர இளைஞர்கள் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஊசி இந்த அளவை அடியோடு சரித்துவிடும் என்பதால், இளம் வயதினரிடம் அதைப் பற்றித் தயங்காமல் கேட்டுவிடுகிறேன். கடும் காய்ச்சல் வந்த சமயத்தில் எடுத்த அளவை நம்பாமல், உடல் தேறிய பின் மறுபடியும் பார்க்க வேண்டும்.

மாத்திரையைப் பொறுத்தவரை, டார்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.லை வெகுவாகக் கூட்டியும், அதை எடுத்துக்கொண்டவர்களிடையே இறப்பு அதிகரித்ததால் 2006-இல் அந்த ஆய்வே நிறுத்தப்பட்டது. ஆகவே, அந்த எண்ணை மட்டும் ஏற்றுவதற்காக நான் மருந்து எழுதுவதில்லை.

கடைக்காரரிடம் சோற்றை ஒரு முறையோடு நிறுத்தி, பயறும் காயும் கூட்டி, முட்டையைத் திரும்பச் சேர்த்து, தினமும் 40 நிமிடம் நடக்கச் சொன்னேன். மூன்று மாதம் கழித்து எச்.டி.எல். 36-க்குத்தான் ஏறியிருந்தது, ஆனால் ட்ரைகிளிசரைடு 165-க்கும் இடுப்பு 97-க்கும் இறங்கியிருந்தன.